ஒய் அடிக்கும் முன் வேனை எட்டிப் பாருங்கள்

போன வாரம் எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவில் என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். "நன்றிங்க" என்றேன். மைக்கையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினீர்கள், கேக் வெட்டச் சொன்னீர்கள். நான் வெட்டியதைப் பார்த்து, நம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மேடம், "அண்ணா, அது துண்டு இல்ல, பாதி கேக்கு" என்றார். அந்தச் சிரிப்பில், நான் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் தொண்டையோடு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் அது உங்களுக்குத் தெரிய வேண்டும். மொட்டையாகச் சொன்னால் ஏன் சொல்கிறேன் என்று புரியாது. அதனால் ஒரு பௌர்ணமியன்று நான் செய்த கூத்தை முதலில் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பிகள், தங்கச்சிகள் பொறுமையாகப் படிக்கவும். சிரித்துக்கொள்ளலாம். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. இந்த ஆபீஸில் சேர்ந்தது ஜெனரேட்டரையும் ஏசியையும் பார்த்துக்கொள்ள. அதற்கு முன்னால் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் ஆளாக இருந்தேன். அந்த லாட்ஜுக்கு நான் முதலில் போனது வேலைக்கு அல்ல, விருந்தாளியாக. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். ஒரு கார்த்திகை தீபத்துக்கு, மூட்டுவலிக்கார மாமா ஒருத்தர் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்று இரண்டு நாளைக்கு ரூம் போட்டார். ரிஜிஸ்டரில் அவர் பேரும், 'கூட ஆறு பேர்' என்றும் எழுதினார்கள். அந்த ஆறில் ஒருத்தன் நான். இரண்டாம் நாள் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. ஊரே நிரம்பி வழிகிறது, லாட்ஜில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் யாரிடமும் சொல்லாமல் மாடியேறி மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். மாமா ஊருக்குப் போய்விட்டார். மேனேஜர் என்னை விடவில்லை. பல வருடம் அங்கேயே இருந்தேன். அந்த ரிஜிஸ்டரில் மாமா பேருக்கு எதிரே ரூம் காலி செய்த தேதியை மேனேஜர் எழுதவே இல்லை. என்னைக் கூப்பிடும்போதெல்லாம், "உன் மாமா இன்னும் செக்-அவுட் பண்ணல, தெரியுமில்ல?" என்பார்.

அந்த மேனேஜரிடம் ஒரு பழக்கம் உண்டு. கவுன்டரில் யார் வந்து நின்றாலும், சாவியைக் கையில் எடுப்பார், கொடுக்கமாட்டார். என்னைப் பார்த்து, "யோவ், போய் வேனைப் பாரு" என்பார். ஒரு தடவை, "ரெண்டே பேருங்க, நானும் வீட்டுக்காரியும்" என்று ஒருவர் வந்தார். வேனை எட்டிப் பார்த்தேன். மாமியார், மாமியாரின் தங்கை, தங்கையின் பிள்ளைகள் மூன்று, கேஸ் அடுப்பு, அரை மூட்டை அரிசி, மடக்குக் கட்டில். மூலையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். "நீங்க யாருங்க?" என்றேன். "நான் போளூர்ல லிப்ட் கேட்டு ஏறினேங்க. வந்ததுக்கு ஒரு குளியல் போட்டுட்டுப் போறேன்" என்றார்.

லினக்ஸ் சர்வரில் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு புரோகிராம், ஏற்றுவதும் இதேதான். நீங்கள் ஒன்றைக் கேட்பீர்கள். அது வேலை செய்ய வேறு சிலது வேண்டும். அதற்குப் பேர் டிபெண்டன்சி என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்தச் சிலதுக்கு வேறு சிலது வேண்டும். போதாததற்கு, 'இதுவும் இருந்தால் நல்லது' என்று சிபாரிசில் ஏறுகிற கூட்டம் தனி. சர்வர் நாணயமானது. முழுப் பட்டியலையும் காட்டிவிட்டு, ஏற்றட்டுமா என்று கேட்கும். நீங்கள் ஒய், அதாவது சரி என்று, அடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மேடம் வழியாக. என்னைவிட இருபது வயது சின்னவர். ஊரில் இல்லாதபோது போன் செய்து, "அண்ணா, கறுப்பு ஸ்கிரீன்ல கடைசி வரி இன்னா இருக்குது, படிங்க" என்பார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார், நான் அடிப்பேன். மூன்று வருடம் இப்படிப் போனதில், எந்த வரி வந்தால் மேடம் 'அப்பாடா' என்பார், எந்த வரி வந்தால் 'ஐயையோ' என்பார் என்று எனக்கு அத்துப்படி. ஒருநாள், "இனிமே நீங்களே அடிங்கண்ணா" என்று எனக்கே ஒரு லாகின் போட்டுக் கொடுத்தார், எதையும் ஏற்றவும் இறக்கவும் அதிகாரத்தோடு. அன்றைக்கு ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து போகிற நிலையில் நான் இல்லை.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பௌர்ணமி.

அப்போதும் இதே வேலைதான். நாற்பது லாட்ஜ்களின் ரூம் புக்கிங் இந்த ஒரு சர்வரில். கிரிவலக் கூட்டம் வருகிற பௌர்ணமியன்று அது நின்றால், ஒரே ரூமுக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும். அதற்கு முந்தைய பௌர்ணமியில் ஒரு மணி நேரம் நின்றிருந்தது. முதலாளி சார் எல்லோரையும் நிற்கவைத்து, "இன்னொரு பௌர்ணமி இது நின்னுச்சுனா, சென்னைக் கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துட்டு இந்த ரூமைப் பூட்டிடுவேன்" என்று சொல்லியிருந்தார். பூட்டினால் எனக்கும் வேலை இல்லை, மேடத்துக்கும் இல்லை. இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கும் இருந்திருக்காது.

அன்றைக்கு மேடத்துக்கு ஆரணியில் நிச்சயதார்த்தம். பௌர்ணமியில் லீவா என்று சார் முகம் சுளித்தபோது, "அண்ணா இருக்காரு சார், போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நாளைக்கு மட்டும் எதையும் புதுசா ஏத்தாதீங்க."

காலை ஒன்பது மணிக்கு என் பழைய மேனேஜர் போன் செய்தார். "யோவ், நீதான் இப்ப சிஸ்டம் ஆளாச்சே. இன்னிக்கு வர்றவங்க லிஸ்டைப் பேப்பர்ல அடிக்கிற மாதிரி அனுப்பு. எனக்கு ஸ்கிரீன்ல பார்த்தா கண்ணு எரியுது."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வராது. கூச்சப்படுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவரிடம் முடியாது என்று சொல்வதற்குப் பதில் ஒரு சர்வரையே கவிழ்த்துவிடுவோம். போதாததற்கு, சிஸ்டம் ஆள் என்று என் பழைய மேனேஜர் வாயாலேயே கேட்டுவிட்டேன். கால் தரையில் இல்லை. பட்டியலைப் பேப்பருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் ஒரு சின்னக் கருவியின் பேரை மேடத்தின் நோட்டில் பார்த்திருந்தேன். அடித்தேன். பட்டியல் ஓடியது. திரை நிறைந்து, மேலே போய், மறுபடி நிறைந்து, மறுபடி மேலே போனது. கடைசியில் ஏற்றட்டுமா என்று கேட்டது.

எத்தனையோ வருடம் வேனை எட்டிப் பார்த்தவன், அன்றைக்குப் பார்க்காமல் ஒய் அடித்தேன்.

நானூறுக்கு மேல் வந்து இறங்கின. ஏறி முடிந்ததும் சர்வர் ரூமில் இருந்த திரை ஒரு தடவை இருண்டு, பளிச்சென்று விடிந்தது. அதுவரை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தவிர எதையும் காட்டாத பெட்டி, நீல மலை ஒன்றைக் காட்டியது. மேலே கடிகாரம். நான் நிஜமாகவே கை தட்டினேன். பேப்பர் லிஸ்டும் அழகாக வந்தது. மேனேஜருக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ பாதியில் போன். "யோவ், லிஸ்ட் வந்துச்சு. புக்கிங்கைக் காணோம்."

ஓடினேன். திரை இருண்டு கிடந்தது. கரண்டு இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. வயர் சரியாக இருக்கிறது. ஒன்றும் புரியாமல் கீபோர்டில் ஒரு தட்டு தட்டினேன். மலை வந்தது. புக்கிங்கும் வந்தது. சரி, ஏதோ திருஷ்டி என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் மறுபடி போனது. தட்டினேன், வந்தது. மூன்றாவது தடவை, பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதன் வழியாக நான் சர்வருக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண் முன்னால் போனது. போவதற்குக் கொஞ்சம் முன்னால் மலைக்கு நடுவே ஏதோ ஒரு வரி எழுதிக் காட்டியது. அதை அப்படியே உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"இன்னாய்யா, உன் பொட்டி கோழி மாதிரி கண்ணை மூடி மூடித் தொறக்குது?" என்றார் மேனேஜர். "கவுன்டர்ல பதினாலு பேரு நிக்கறாங்க."

மேடத்துக்குப் போன் செய்ய வேண்டும். தட்டு மாற்றுகிற நேரத்தில் எப்படிச் செய்வது? செய்து என்ன சொல்வது? கூச்சமாக இருந்தது. அதைவிட, நான் ஏற்றியதை நானே சத்தமில்லாமல் இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாதே என்ற ஆசை. இந்த ஆசை உங்களுக்கும் வரும். வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னக் கருவியை இறக்கினேன். அது மட்டும் போனது. கூட வந்தவர்கள் ரூமிலேயே இருந்தார்கள். சர்வரே ஒரு யோசனை சொன்னது: யாருக்கும் தேவைப்படாமல் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்களைத் தானாக வெளியேற்ற ஒரு கட்டளை இருக்கிறது என்று. அடித்தேன். மறுபடி நீளமான பட்டியல். மறுபடி அதே கேள்வி. விரல் ஒய் மேல் போய்விட்டது.

ஏன் நின்றேன் என்று இன்று வரை எனக்கே சரியாகத் தெரியாது. மேனேஜர் குரல் காதில் விழுந்ததா, காலையில் பட்ட சூடா, தெரியவில்லை. ஒய்யிலிருந்து விரலை எடுத்து, பட்டியலின் மேலே போய், முதல் பேரில் இருந்து எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியாத பேர். நடுவில் தட்டி எழுப்பவும் வேண்டும். அதற்குச் செல்போனில் பதினெட்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டேன். அது அடித்ததும் ஓடிப்போய்க் கீபோர்டில் ஒரு தட்டு, திரும்ப வந்து படிப்பு.

பட்டியலில் முக்கால் பாகம் தாண்டியதும் தெரிந்த பேர் ஒன்று வந்தது. நம்முடைய டேட்டாபேஸ். நாற்பது லாட்ஜ் புக்கிங்கும் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தேவையில்லாத விருந்தாளி என்கிறது சர்வர்.

இனிமேல் கூச்சத்துக்கு இடமில்லை என்று மேடத்துக்குப் போன் செய்தேன். வேறு யாரோ ஒரு அம்மா எடுத்தார்.

"அலோ, யாருங்க? ஜெனரேட்டர்னு வருது."

"ஆமாங்க. ஜெனரேட்டர்தாங்க பேசறேன்."

"இங்க கரண்டு நல்லாத்தான் இருக்குது. மண்டபத்துலயே ஜெனரேட்டர் இருக்குதாம். வேணாம்ப்பா" என்று வைத்துவிட்டார். மேடத்தின் வருங்கால மாமியார் என்று பிறகு தெரிந்தது.

மறுபடி செய்தேன். "அம்மா, வெச்சிடாதீங்க, ஆபீஸ்ல இருந்து. பொண்ணுகிட்ட குடுங்க." பின்னால் நாதஸ்வரம் பிளந்து கட்டியது. மேடம் வந்தார்.

"சொல்லுங்கண்ணா."

"மேடம்... வாழ்த்துக்கள்."

"இதுக்கா ரெண்டு தபா போன் பண்ணீங்க?"

"இல்லைங்க. ஒய் அடிச்சிட்டேன்."

"எத்தினி பேரு வந்து இறங்கினாங்க?" என்றார்.

"நானூறுக்கு மேலங்க. அதுலேர்ந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தபா பொட்டி செத்துப்போவுது. தட்டினா எழுந்துக்குது. போறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுது."

"படிங்க."

உள்ளங்கையைப் பார்த்து, "எஸ்... யு... எஸ்... பி..." என்று படித்தேன். பாதியிலேயே மேடம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, அது சாவலண்ணா! தூங்குது! வீட்டுக் கம்ப்யூட்டர்ல வர்ற ஸ்கிரீனை ஏத்தி வெச்சிருக்கீங்க. எதிர்ல இருக்கற கீபோர்டை இருபது நிமிஷம் யாரும் தொடலைனா, வீட்ல ஆள் இல்லனு நெனச்சிக்கினு பொட்டியைத் தூங்க வெச்சிடும். நாப்பது லாட்ஜும் வயர்ல வர்றது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்தவங்கள அனுப்பிடலாம்னு பார்த்தேங்க. வெளிய போற பட்டியல்ல நம்ம டேட்டாபேஸ் பேரும் இருக்குது."

சிரிப்பு நின்றது. "அடிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க."

"கைய கீபோர்டுலேர்ந்து எடுங்க. மடியில வெச்சிக்கங்க."

"வெச்சிட்டேன்."

அவர் மூச்சு விட்டது நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்டது. பிறகு விளக்கினார். அந்த டேட்டாபேஸ், எப்போதோ ஒரு பழைய புக்கிங் புரோகிராம் ஏற்றியபோது அதனுடன் வந்தது. பழைய புரோகிராமை மேடம் போன வருடம் எடுத்துவிட்டார். கூட்டி வந்தவர் போய்விட்டதால், இது சும்மா தங்கியிருக்கிறது என்று சர்வர் எழுதிவைத்திருக்கிறது. "ஒரு வருஷமா அந்தப் பட்டியல் வந்துகினேதான் இருக்குது. நான் ஒரு நாளும் படிக்கலண்ணா" என்றார்.

எனக்கு மாமா ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டரில் பார்த்தால் நானும் அந்த லாட்ஜில் தேவையில்லாத ஆள்தான். கூட்டி வந்தவர் போய் எத்தனையோ வருடம். ஆனால் தண்ணீர் மோட்டார் என்னை நம்பித்தான் ஓடியது.

மேடம் ஒரு வரி சொன்னார், எழுத்து எழுத்தாக. இந்தப் பெட்டி எந்தக் காரணத்துக்கும் தூங்கக் கூடாது என்று ஒரு உத்தரவு. அடித்தேன். "இப்ப வேற எதையும் தொடாதீங்க, எல்லாரும் இருக்கட்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம். இருபது நிமிஷம் காத்திருங்க" என்றார். பிறகு, "தட்டு காத்துக்கினு இருக்குது" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு கதவு திறந்தது. சார். காதில் போன்.

"மூணு தபா போயிருக்குது. லாட்ஜ்காரங்க காது கிழியக் கத்தறாங்க. சென்னைக்குத்தான் போன் போட்டுக்கினு இருக்கேன்."

என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். "சார், நான் கேக்காம ஒன்னு ஏத்திட்டேன். மேடம் வேணாம்னுதான் சொன்னாங்க, தப்பு என்னுது. இருபது நிமிஷம் இங்கயே நில்லுங்க, நான் கீபோர்டைத் தொடமாட்டேன், அப்பவும் போச்சுனா போன் போடுங்க."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் இவ்வளவு பேசுவேன் என்று அவருக்கே தெரியாது. போனை வைத்துவிட்டு, பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தாவது நிமிடம், "ஏசி ஜாஸ்தியா வெச்சிருக்க" என்றார். கம்மி செய்தேன். பத்தாவது நிமிடம், "இது எந்த ஊர் மலை?" என்றார். "தெரியலைங்க சார்." "நம்ம மலை மாதிரி இல்ல." "இல்லைங்க சார்." பதினெட்டாவது நிமிடம் என் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. என்னை அறியாமல் எழுந்து கீபோர்டுக்கு ஓடப் போனேன். பாதி வழியில் ஞாபகம் வந்து, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டேன். பத்தொன்பது. மலை நடுவில் அந்த வரி வருகிறதா என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். இருபது. இருபத்தொன்று. மலை அப்படியே நின்றது. சார் தன் போனில் புக்கிங்கைத் திறந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். "அடுத்த தபா கேட்டுட்டு ஏத்து" என்றார். பிறகு, "அந்தப் படம் மட்டும் இருக்கட்டும். நல்லா இருக்குது" என்றார்.

கதவு மூடியதும் நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஜெனரேட்டர் பார்க்க வந்த, மீசை வெளுத்த ஒருத்தன் ஆடக் கூடிய ஆட்டம் அல்ல அது.

மறுநாள் மேடம் லட்டு டப்பாவோடு வந்தார். முதல் வேலையாக, டேட்டாபேஸ் யாரோடும் வந்ததல்ல, நாமே கேட்டு வைத்திருப்பது என்று சர்வரில் பதியவைத்தார். அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, பட்டியலைப் படித்துப் படித்து, பத்துப் பத்துப் பேராக வெளியே அனுப்பினோம். மதியம் ஆகிவிட்டது. மலையும் போனது. சார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மேடத்தின் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'மொத்தம் எத்தனை பேர் வர்றீங்கனு முன்னாடியே சொல்லிடுங்க.'

இப்போது வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் லாகினை எடுக்கப் போகிறீர்கள் என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எடுக்க வேண்டியதுதான். நான் ஊருக்குப் போய் என் மனைவியின் மாவு மில்லைப் பார்க்கப் போகிறேன். அங்கே ஒரே சுவிட்ச். போட்டால் ஓடும், கூட யாரையும் கூட்டிவராது.

ஆனால் அந்த மேனேஜர் கேட்ட பேப்பர் லிஸ்ட் இருக்கிறதே, மேடம் பிறகு அதை ஒரு விருந்தாளியும் இல்லாமல் சரியாகச் செய்து கொடுத்தார். தினம் விடியற்காலையில் தானாகப் போகிறது. இப்போது பதினோரு லாட்ஜ் அதை வைத்துத்தான் சாவி கொடுக்கிறது. அது ஓடுவது என் லாகினில். என்னை வெள்ளிக்கிழமை எடுத்தால் அதுவும் கூடவே போகும். சனிக்கிழமை பௌர்ணமி.

மைக்கில் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். முதலில் அந்த லிஸ்டை உங்களில் ஒருவர் பேருக்கு மாற்றுங்கள். ஒரு காலை அது சரியாகப் போகிறதா என்று பாருங்கள். பிறகு என்னை எடுங்கள். அதுவரை எனக்கு ஒன்றும் அவசரமில்லை. என் மாமாவே இன்னும் செக்-அவுட் பண்ணவில்லை.